திரும்பி வராத குண்டுகள்

என் அப்பா டெல்மர் யோஸ்ட் வீட்டோடு மாப்பிள்ளை. வேலை பார்ப்பதும் மச்சானின் பட்டறையில்தான். பட்டறையில் முதலாளியோடு சண்டை போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால் முதலாளியின் அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். வீட்டில் மாமனாரை முறைத்துவிட்டுப் பட்டறைக்குப் போனால் மாமனாரின் மகன் கதவைத் திறப்பார். ஆகவே அப்பா யாரோடும் சண்டை போடுவதில்லை. பிக்கப் வண்டியில் ஏறி, கண்ணாடியை ஏற்றிவிட்டுத்தான் பேசுவார். வெளியே இருந்து பார்த்தால் வாய் அசைவது மட்டும் தெரியும். பட்டறைக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு பாலமும் இரண்டு வளைவும் இருக்கின்றன. உலகத்தில் அவருக்குச் சொந்தமான இடம் அவ்வளவுதான்.

எங்கள் கோல்டர் க்ரீக் ஐடஹோ மலைகளுக்கு நடுவில், கிண்ணத்தின் அடியில் ஒட்டிய கஞ்சி மாதிரி கிடக்கிற ஊர். உள்ளே வர ஒரு சாலை. வெளியே போகவும் அதே சாலை. பனி விழுந்தால் அதுவும் இல்லை.

பட்டறை முன்னொரு காலத்தில் வெண்ணெய் கடைந்த கட்டடம். மழை பெய்தால் இன்னும் புளித்த வாடை வரும். ராஸ்கோ மாமா அங்கே வேட்டைக் குண்டு செய்து விற்கிறார். முழுத் தோட்டா இல்லை. தோட்டாவிலிருந்து பறந்து போகிற தலை மட்டும். வேட்டைக்காரர்கள் பெட்டி பெட்டியாக வாங்கிப்போய், மருந்து போட்டுத் தோட்டாவாகக் கட்டிக்கொள்வார்கள். பெட்டியின் மேல் அப்பாவின் பெயர் இருக்கும்: ‘யோஸ்ட்’. பெட்டி மாமாவுடையது, செம்பு மாமாவுடையது, குண்டை அழுத்தி உருவாக்குகிற பிரஸ் இயந்திரமும் மாமாவுடையது. பெயர் மட்டும்தான் அப்பாவுடையது. அதையும் கேட்காமல்தான் எடுத்துக்கொண்டார்கள்.

வேட்டைக் குண்டு என்பது செம்புச் சட்டை போட்ட ஈயம். மூக்கு நுனியில் மட்டும் சட்டை இருக்காது. எல்க் மான் மேல் பட்டதும் அந்த மூக்கு பின்னால் மடிந்து காளான் குடை போல விரிய வேண்டும். விரியாவிட்டால் ஊசி மாதிரி இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் போய்விடும். மான் எங்கோ போய், யாருக்கும் கிடைக்காமல், நிதானமாகச் சாகும். ரொம்ப விரிந்தாலும் ஆபத்து. தோளெலும்பிலேயே தூள்தூளாகி உள்ளே எட்டாது. இளகவும் வேண்டும், உடையவும் கூடாது.

“நல்ல வீட்டோட மாப்பிள்ளை மாதிரி” என்பார் ஆன்செல் தாத்தா. “மடங்கணும். ஆனா உடையக் கூடாது. என்ன மாப்ளே?”

அப்பா உருளைக்கிழங்கை மசித்துக்கொண்டிருப்பார்.

தூரம்தான் குண்டின் எதிரி. போகப்போக வேகம் குறையும். வேகம் குறைந்தால் மூக்கு விரியாது. பள்ளத்தாக்கின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குச் சுடுகிறவர்கள் அதிகமாகிவிட்ட காலம் அது. அங்கேயும் விரிகிற குண்டு வேண்டும் என்றார் மாமா. அப்பா இரண்டு குளிர்காலம் அதோடு மல்லுக்கட்டினார். கடைசியில் மூக்குப் பக்கம் செம்பை முட்டைத் தோல் அளவுக்கு மெல்லியதாக்கினார். சோதனைக்கு, தண்ணீரில் ஊறப்போட்ட டெலிபோன் புத்தகங்கள். பெட்டியில் வரிசையாக அடுக்கி, தூரத்திலிருந்து சுட்டு, பிறகு ஒவ்வொன்றாகப் பிரித்துத் தேடுவார். எவ்வளவு ஆழம் போனது என்பதற்கு அவரிடம் ஒரு கணக்கு உண்டு: குண்டு நின்ற பக்கத்தில் அச்சாகியிருக்கிற பெயர்தான் அளவு.

“ஆண்டர்சன்ல நுழைஞ்சுது. மூணாவது புத்தகம் மில்லர் வீட்ல நின்னுடுச்சு” என்று சொல்லிக்கொண்டே நீட்டினார். அவர் கையில் இருந்த குண்டு, செம்பு இதழ் பிரிந்த பூ மாதிரி இருந்தது. என் அப்பா சிரித்து நான் பார்த்த சில தடவைகளில் அது ஒன்று.

அது அப்பாவின் குண்டுதான் என்பதற்கு அடையாளம் உண்டு. இடுப்பில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மெல்லிய கோடுகள் ஓடும். வேறு எந்தப் பட்டறைக் குண்டிலும் அது கிடையாது.

எங்கள் ஊரில் ஒரு பழக்கம். மானை அறுக்கும்போது உள்ளே விரிந்த குண்டு கிடைத்தால், அதைக் கழுவிக் கொண்டுவந்து பட்டறை ஜன்னல் விளிம்பில் வைப்பார்கள். வைக்கும்போது கதை சொல்வார்கள். அந்த ஜன்னல் விளிம்பு நிறைந்து, மாமா இரண்டாவது பலகை அடித்தார். வருகிறவன் போகிறவன் எல்லாம் கோயிலில் நிற்பது போல அதன்முன் நிற்பான். ஒருமுறை நான் மென்று முடித்த சூயிங்கம்மைக் காளான் மாதிரி பிடித்து, ஈயத் தாளில் சுற்றி நடுவில் வைத்தேன். மூன்று பேர் அதை எடுத்துப் பார்த்து, என்ன அழகாக விரிந்திருக்கிறது என்றார்கள். ஒருவர் எடை போட வேண்டும் என்றார். நாலாவதாக அப்பா வந்தார். முகர்ந்து பார்த்தார்.

“ஸ்பியர்மின்ட்” என்றார். அதைத் திருப்பி அதே இடத்தில் வைத்துவிட்டுப் போனார்.

இப்போது தாத்தாவின் விஷயம். ஆன்செல் தார்ப் சுட்டால் தவறாது என்பது ஊரில் வானிலை மாதிரி எல்லோருக்கும் தெரிந்த செய்தி. அவர் தூரத்துச் சூட்டுக்காரர் இல்லை. அடர்ந்த காட்டுக்குள் பதுங்கிப் போய், கல்லெறி தூரத்தில் வைத்து அடிப்பவர். புதுக் குண்டு வந்த முதல் இலையுதிர் காலத்தில் அவரும் மருமகனின் குண்டைப் போட்டுக்கொண்டு போனார். ஒரு பெட்டை எல்க்கைத் தவறவிட்டார். பத்து நாள் கழித்து ஒரு எல்க் கிடாயைத் தவறவிட்டார்.

“இடது காது கிழிஞ்சு ரெண்டா தொங்குது. நான் சொல்ற கதையில பாதி பொய். இந்தக் காது நிஜம்” என்று யார் வந்தாலும் சொன்னார். “அந்தா, அந்த அடுப்பு தூரம். பக்கவாட்டுல நிக்குது. அடிச்சேன். ஒரு குலுக்கு குலுக்கிட்டு ஓடிப் போச்சு. போய்ப் பாத்தேன், ஒரு சொட்டு ரத்தம் இல்ல. குண்டு காத்துல போயிருக்கு. கண்ணு போச்சுடா. அவ்வளவுதான்.”

சிரித்துக்கொண்டே சொன்னார். மறுநாள் துப்பாக்கியைத் துடைத்து, எண்ணெய் போட்டு, சுவரில் மாட்டினார். அதற்குப் பிறகு ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தவர்தான். இரவில் வண்டி ஓட்டுவதை நிறுத்தினார். பிறகு பகலிலும். சீட்டு விளையாடினால் என்னிடம் கேட்பார், “இது ஹார்ட்டா, டயமண்டா?” அவருக்கு நன்றாகவே தெரிந்தது, நான் மேசைக்கு அடியில் ஒளித்த சீட்டு வரைக்கும் தெரிந்தது. ஆனாலும் கேட்பார். கண் போய்விட்டது என்று ஒருமுறை சொன்ன பிறகு, போன மாதிரியே நடந்துகொள்ள வேண்டும் அல்லவா? நான் இஸ்பேடை ஹார்ட் என்று சொல்லிவிட்டு, அவர் நம்புவது போல நடிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இரண்டு பேருமே ஏமாற்றுகிற ஆட்டம்.

அந்த வருஷம் தவறவிட்டவர் தாத்தா மட்டும் இல்லை. எங்கள் ஊரில் சுட்ட மிருகம் கிடைக்கவில்லை என்றால் ‘தவறிவிட்டது’ என்றுதான் சொல்வார்கள். ‘பட்டது, ஆனால் போய்விட்டது’ என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அடிபட்ட மிருகத்தைத் தேடாமல் விட்டவன் என்ற பெயரைவிடக் குருடன் என்ற பெயர் மேல். பட்டறைக்கு வந்தவர்கள் ஜன்னலைப் பார்த்துவிட்டுச் சிரித்தபடி சொல்வார்கள்: “அந்தக் கரையில நிக்கிறது விழுது டெல்மர். மூக்குக்கு நேரா நிக்கிறத விட்டுட்டேன். வயசாகுது.” அப்படிச் சொன்ன ஒருவருக்கு வயது இருபத்தேழு.

அப்பா பிரஸ்ஸை நிறுத்திவிட்டு அந்த ஆளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஜன்னலைப் பார்த்தார். அன்று சாயங்காலம் வண்டிக்குள் அவர் வாய் அசையவில்லை.

அடுத்த வாரம் ஒரு பழைய எல்க் தோளெலும்பைத் தேடிப் பிடித்து ஈரப் புத்தகங்களுக்கு முன்னால் கட்டினார். தூரத்திலிருந்து சுடாமல், காட்டுக்குள் சுடுகிற மாதிரி கிட்டப் போய் நின்று சுட்டார். புத்தகத்தைப் பிரித்தால் மில்லர் வீட்டில் யாரும் இல்லை. ஆண்டர்சன் வீட்டு வாசலிலேயே செம்புத் துணுக்குகளும் ஈயப் பொடியும். மெல்லிய மூக்கு தூரத்துக்கு வரம். கிட்டத்தில், முழு வேகத்தில், எலும்பு மேல் பட்டதும் சட்டை கிழிந்து ஈயம் கழன்றுவிட்டது.

துணுக்குகளைக் காபிக் கோப்பையில் போட்டு மாமாவிடம் கொண்டுபோனார். நான் மதிய உணவு கொடுக்கப் போயிருந்தேன்.

“மச்சான், பிரஸ்ஸ நிறுத்துவோம். நடுவுல ஒரு வளையம் வெச்சு ஈயத்தப் பிடிச்சுக்கிற மாதிரி மாத்தணும். அடுத்த வேட்டை சீசனுக்குள்ள முடியாது. இந்த வருஷம் அனுப்ப வேண்டாம்.”

மாமா கோப்பையைக் குலுக்கிப் பார்த்தார். “காய்ஞ்ச எலும்பும் நனைஞ்ச புத்தகமும் எப்போலேருந்து மான் ஆச்சு?”

“உங்கப்பா கண்ணு நல்லாத்தான் இருக்கு மச்சான்.”

“டெல்மர், அந்த ஜன்னலப் பாரு. எல்லாம் நிஜ மானுக்குள்ளேருந்து வந்தது. ஒண்ணாவது உடைஞ்சிருக்கா?”

“உடைஞ்சது எப்படித் திரும்பி வரும்? அது மானோட போயிடும்ல.”

“அப்போ இல்லன்னுதானே அர்த்தம்?” மாமா கெட்டவர் இல்லை. அதுதான் சங்கடம். அப்பாவின் தோளில் கை போட்டார். “ஒண்ணு. ஒரே ஒண்ணு கொண்டா. நிஜ மானுக்குள்ளேருந்து. அன்னைக்கே நிறுத்துறேன். போதுமா?”

வெளியே வந்த அப்பா வண்டியில் ஏறிக் கண்ணாடியை ஏற்ற மறந்துவிட்டார். “காட்டுல நொண்டிட்டுப் போறதக் கையோட கூட்டிட்டு வரணுமாம்” என்றார், ஸ்டியரிங்கிடம்.

பெட்டிகள் போயின. சீசன் தொடங்கியது. ஒவ்வொரு பெட்டியிலும் அவர் பெயர்.

எங்கள் பக்கத்தில் மானை அறுத்துத் தருகிறவர் மைட்டே எச்செவெரி. கையளவு அகலக் கத்தி, உள்ளங்கை அளவு பொறுமை. ஸ்பெயின் மலைப்பக்கத்திலிருந்து வந்து குடியேறிய பாஸ்க்காரர்கள் பாணியில் மிளகாய்த் தொத்திறைச்சி போடுவார். அந்தப் புகை வாசனைக்காகவே நாய்கள் வேலியோரம் குடியிருக்கும். வேலை முடிந்ததும் அப்பா தினமும் அங்கே போய் எலும்புத் தொட்டியைக் கிளற ஆரம்பித்தார். நானும் கூடப் போனேன். அந்த வாரம் பள்ளிக்கூடம் என்னை வர வேண்டாம் என்று சொல்லியிருந்தது. தலைமையாசிரியரின் மேசை இழுப்பறையும் ஒரு ட்ரவுட் மீனும் சம்பந்தப்பட்ட விவகாரம். அது இங்கே தேவையில்லை.

“என்ன டெல்மர், மாமனார் வீட்ல சோறு போடறதில்லையா?” என்றார் மைட்டே. “நாய்க்கு ஒதுக்கினத நோண்டுற.”

“பழைய காயம் ஏதாவது வருமா உங்ககிட்ட? உள்ள ஆறிப்போனது?”

கத்தி நின்றது. “வரும். வெட்டித் தூக்கிப் போட்டுடுவேன். யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். வாங்கிட்டுப் போறவன் சாப்பிட வேண்டாமா?”

“போன வருஷம் வந்துதா?”

“இந்த வருஷம்தான் நிறைய.” கத்தி மறுபடி நகர்ந்தது. ஆனால் அன்றிலிருந்து வெட்டி எறிந்ததைத் தனி வாளியில் போட ஆரம்பித்தார்.

முதலில் கிடைத்தவை ஈயப் பொடிகள். யாருடையது என்று சொல்ல முடியாது. அப்பா கழுவிக் கழுவிப் பார்ப்பார். பிறகு ஒரு சனிக்கிழமை பாய்ஸி நகரத்திலிருந்து வந்த ஒரு பல் மருத்துவர், பள்ளத்தாக்குக்குக் குறுக்கே அடித்த பெரிய கிடாயோடு வந்து இறங்கினார். விலாவுக்குப் பின்னாலிருந்து மைட்டே எடுத்துக் கொடுத்த குண்டு அப்பாவுடையது. ஜன்னலில் வைப்பதற்கென்றே செய்த மாதிரி விரிந்திருந்தது. அந்த மனிதர் அதைத் தன் பனியனில் துடைத்துக்கொண்டு, “உங்க குண்டா சார் இது! கை குடுங்க!” என்று அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அப்பாவின் கையில் எலும்புத் தொட்டியின் கொழுப்பு.

அவர் போன பிறகு மைட்டே தலையை அசைத்துக் கூப்பிட்டார். அதே கிடாயின் முன்தோள். உள்ளே முஷ்டி அளவுக்கு ஒரு வெள்ளை முடிச்சு. அதைக் கீறினார். சீழ் உலர்ந்து பாலாடைக்கட்டி போலிருந்தது. நடுவில் நகத்தளவு செம்பு. அப்பா அதைக் குழாயடியில் பிடித்தார். இரண்டு கோடுகள்.

அவர் முகத்தில் சந்தோஷம் மாதிரி ஒன்று வந்தது. இவ்வளவு நாளாகத் தேடிய ஒன்று கிடைத்தால் யாருக்கும் வரும். நான்தான் அதைக் கெடுத்தேன். கிடாயின் தலை மூலையில் சாக்கின் மேல் கிடந்தது. அதன் இடது காது நுனியிலிருந்து அடிவரை இரண்டாகப் பிளந்து தொங்கியது.

“அப்பா, காதப் பாரு” என்றேன்.

பார்த்தார். செம்பை உள்ளங்கையில் மூடினார். மைட்டே கத்தியைத் தீட்டுவது போலத் திரும்பிக்கொண்டார்.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு அவர் இறங்கவில்லை. ஜன்னலில் தாத்தாவின் தலை தெரிந்தது. “டாட்டி, நீ உள்ள போ” என்றார். டாட்டி என்பது நான். போகவில்லை.

“இதக் காட்டினா மாமா நிறுத்துவாருல்ல?”

“நிறுத்துவான்.”

“அப்புறம் என்ன?”

“காட்டினா, எந்த மான்னு கேப்பான்.” கையைத் திறந்து மறுபடி பார்த்தார். “இப்ப உங்க தாத்தா, கண்ணு போன கிழவன். இதுக்கப்புறம், அடிபட்டத விட்டுட்டு வந்தவன். காட்டலன்னா இன்னும் நூறு பேர் அப்படி ஆவாங்க.” கையை மூடிக்கொண்டு, “மூக்க இவ்வளவு மெல்லிசா சீவினது நான்தான்” என்றார்.

எனக்கு ஒரு நல்ல கிண்டல் கைவசம் இருந்தது. சொல்லவில்லை. ஈயத் தாளில் சுற்றிய சூயிங்கம் ஒன்று என் பையில் இருந்தது, அதைக் கொடுத்தேன். அவர் அதையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் ஞாயிறு. தேவாலயம் முடிந்து மாமாவும் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. மாட்டிறைச்சி, அந்த வருஷமும் வீட்டில் எல்க் இல்லை. மாமா ரொட்டியில் குழம்பைத் துடைத்தபடி கேட்டார், “என்ன மச்சான், உன் பேயப் பிடிச்சியா?”

“என்ன பேய்?” என்றார் தாத்தா.

“ஒண்ணுமில்லப்பா. கெட்டுப்போன குண்டு ஒண்ணு காட்டுறேன்னு மைட்டே வீட்டு எலும்பெல்லாம் நோண்டிட்டிருக்கான்.”

அப்பா தண்ணீர் குடித்தார். கோப்பையை வைத்தார். சட்டைப் பையில் கை விட்டு, முதலில் சூயிங்கம்மை எடுத்து, அதை உள்ளே போட்டு, பிறகு செம்பை எடுத்து உப்புச் சாடிக்குப் பக்கத்தில் வைத்தார்.

“ஒரு கிடாயோட தோள்ல இருந்துது. போன வருஷத்துக் காயம்.”

மாமா கையில் எடுத்துத் திருப்பினார். கோடுகளைப் பார்த்ததும் மெல்லுவதை நிறுத்தினார். “யார் அடிச்சது?”

“தெரியாது.”

“எந்தக் கிடா?”

“ஏதோ ஒண்ணு.” அப்பா பொய் சொன்னால் காது சிவக்கும். இரண்டு காதும் சிவந்தன.

தாத்தா கையை நீட்டினார். மாமா செம்பை அதில் வைத்தார். ஒரு வருஷமாக ஹார்ட்டா டயமண்டா என்று கேட்டுக்கொண்டிருந்தவர், அந்த நகத்தளவு துண்டை ஒரு கை நீட்டுக்கு அப்பால் பிடித்து, கண்ணாடி இல்லாமல் இரண்டு கோடுகளையும் பார்த்தார்.

“இடது காதா?” என்றார்.

அம்மா பட்டாணிக் கிண்ணத்தைத் தூக்கியவள் தூக்கியபடியே இருந்தாள்.

“மாப்ளே, உன்னத்தான் கேக்கறேன். கிழிஞ்ச காதா?”

“ஆமா மாமா.”

“அப்ப பட்டிருக்கு.” முகம் ஒரு கணம் பத்து வயது குறைந்து மலர்ந்தது. “பாத்தியாடா ராஸ்கோ, பட்டிருக்கு! நான் குறி வெச்ச இடத்துலயே பட்டிருக்கு!” மேசையைத் தட்டினார். கரண்டிகள் குதித்தன. பிறகு கை மேசைமேலேயே நின்றுவிட்டது. “அதோடயே பனிக்காலம் பூரா கிடந்திருக்கு.”

“ரத்தம் இல்லன்னீங்களே மாமா. எலும்புலயே சிதறிடுச்சு, வெளிய ரத்தம் வராது. நீங்க எப்படி…”

“பத்தடி நடந்து பாத்தேன், மாப்ளே. பத்தடி. மழை வேற. வீட்டுக்கு வந்து சிரிச்சேன்.”

திங்கட்கிழமை காலையில் தாத்தா தானே வண்டியை ஓட்டிக்கொண்டு பட்டறைக்குப் போனார். பின்னால் வந்த நாங்கள்தான் பயந்தோம். ஜன்னல் விளிம்பின் நடுவிலிருந்த அழகான குண்டுகளை முழங்கையால் ஓரம் தள்ளி, அந்தச் செம்புத் துண்டை வைத்தார். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். வந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள்.

“இது என்ன ஆன்செல்?”

“என்னோடது. கிழிஞ்ச காது. தவறல. பட்டுது. நான் தேடல.”

கேட்டவர்கள் தொப்பியைக் கழற்றித் திரும்ப மாட்டிக்கொண்டு போனார்கள். மதியம்வரை அவர் அதையே அதே குரலில் சொன்னார். இருபத்தேழு வயதுக்காரன் மூன்று மணிக்கு வந்தான். கேட்டுவிட்டு வாசல்வரை போய்த் திரும்பி வந்தான். “எனக்கும் ஒண்ணு அப்படித்தான்” என்றான். “ரெண்டு.” மாமா உள்ளே போய் மின்சாரத்தை அணைத்தார். பிரஸ் நின்றது.

கதை இங்கே முடிந்தால் அப்பா இந்தச் சிக்கலிலிருந்து வெளியே வந்துவிட்டார் என்று ஆகும். வரவில்லை. விற்ற பெட்டிகளைத் திருப்பி அனுப்பும்படி மாமா கடைகளுக்கெல்லாம் சொன்னார். அவை சுவர் உயரத்துக்குப் பட்டறையில் அடுக்கிக் கிடக்கின்றன. எந்தப் பக்கம் திரும்பினாலும் அப்பாவின் பெயர். ஊரில் இப்போது எது உடைந்தாலும், கோடாரிப் பிடி ஆனாலும், கல்யாணம் ஆனாலும், “யோஸ்ட் ஆயிடுச்சு” என்கிறார்கள். வளையம் வைத்த புதுக் குண்டில் தன் பெயர் வேண்டாம் என்று அப்பா கேட்டுப் பார்த்தார். “பேர மாத்தினா ஓடி ஒளிஞ்ச மாதிரி இருக்கும் மச்சான்” என்றார் மாமா. அதுவும் நியாயமாகத்தான் இருந்தது.

தாத்தா கண்ணாடி இல்லாமல் செய்தித்தாள் படிக்கிறார். சீட்டில் என்னைக் கையும் களவுமாகப் பிடிக்கிறார். துப்பாக்கி மட்டும் சுவரிலேயே இருந்தது. முன்பு கண் போய்விட்டது என்று மாட்டியது. இப்போது கண் இருக்கிறது, இறக்கவில்லை.

பனி உருகிய பிறகு ஒரு நாள் அப்பா கொல்லையில் ஈரப் புத்தகங்களை அடுக்கி, மைட்டே கொடுத்த புது எலும்பைக் கட்டிக்கொண்டிருந்தார். பின்கதவு திறந்தது. தாத்தா துப்பாக்கியோடு நின்றார்.

“தள்ளு மாப்ளே. புத்தகத்துக்கு வலிக்காது.”

வளையம் வைத்த புதுக் குண்டைப் போட்டு, கல்லெறி தூரத்தில் நின்று சுட்டார். எலும்பின் நடுவில் பட்டது. அப்பா முட்டி போட்டு, சொட்டச் சொட்டப் பக்கம் பக்கமாகப் பிரித்தார். முதல் புத்தகம், இரண்டாவது புத்தகம். தாத்தா தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

“யார் வீட்ல இருக்கு?”

“ஹாரிஸ்.” பாதி மூக்கு விரிந்து, பாதி பிய்ந்து போயிருந்தது.

“மில்லர் வரல.”

“வரல மாமா.”

தாத்தா அடுத்த தோட்டாவைப் போட்டார். அப்பா புது எலும்பை எடுத்துக் கட்டப் போனார்.